குட்டி யானையும் காந்த ஊசியும்

பிரேக்கை மிதித்தால் ஃபியூஸ் போகிறது. புதிதாக ஒன்றைச் செருகினால் அடுத்த மிதியில் அதுவும் போய்விடுகிறது. மணப்பட்டு மாதிரியான கடலோர ஊரில் காரணம் கேட்டால் யோசிக்காமலே பதில் வரும்: "உப்புக் காத்துதாண்ணே, ஒயரெல்லாம் அரிச்சுப் போயிருக்கும்." பாகூர் கொம்யூனில் கடலை ஒட்டிய ஊர் அது. மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு கடலூர் சாலைக்கு வரும் வண்டிகளின் பின்பக்கம் எந்நேரமும் உவர்த்தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். பழி உப்பின் மேல் விழுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஃபியூஸைக் கொல்லும் தெம்பு உப்புத் தண்ணீருக்குக் கிடையாது.

டெயில் லேம்ப் ஹோல்டரில் கரண்ட் வரும் முனைக்கும் வண்டியின் இரும்புக்கும் இடையே 1 சென்டிமீட்டர் தூரம் இருக்கட்டும். அதன்மேல் அதே அகலத்துக்கு, அரை மில்லிமீட்டர் கனத்தில் கடல்நீர் படிந்திருக்கட்டும். அந்தப் படலத்தின் மின்தடை சுமார் 400 ஓம். 12 வோல்ட் பேட்டரி அதன் வழியாக அனுப்பக்கூடியது 30 மில்லி ஆம்பியர்தான். 10 ஆம்பியர் ஃபியூஸை உருக்க இதைப்போல 300 மடங்குக்கு மேல் வேண்டும். இந்தக் கசிவு எப்போதும் கரண்ட் இருக்கும் முனையில் என்றால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரியை இறக்கும். செம்பைப் பச்சைப் பொடியாக்கி ஹோல்டரைத் தின்னும். ஃபியூஸை மட்டும் ஒன்றும் செய்யாது. அப்படியானால் இரும்போடு செம்பு நேராகத் தொடுகிற இடம் எங்கோ இருக்கிறது. மெக்கானிக்குகள் 'டைரக்ட் எர்த்' என்று சொல்வது இதைத்தான்.

வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு ஒயர் உண்டு. திரும்பி வர பெரும்பாலும் சேஸிஸும் பாடியும்தான். ஒயர் மிச்சம். அதன் விலை, தோல் உரிந்த ஒயர் வண்டியின் எந்த மூலையில் இரும்பைத் தொட்டாலும் சுற்று அங்கேயே முடிந்துவிடும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டருக்கு 0.09 ஓம்கூட இருக்காது. பேட்டரியின் உள்தடையையும் சேர்த்தால் ஓடக்கூடியது 100 ஆம்பியர் அளவு. அப்போது ஒயரின் ஒவ்வொரு மீட்டரிலும் 180 வாட் வெப்பம் பிறக்கும். பி.வி.சி. உறை உருகி, பக்கத்து ஒயர்களையும் சேர்த்துப் பற்ற வைக்க அது தாராளம். ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, இந்த ஒயரை.

இது தெரியாததால்தான் ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்பு இழைகளை முறுக்கிச் செருகும் வைத்தியம் இன்னும் சாகவில்லை. மெல்லிய கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதற்கு 1884-இலேயே சூத்திரம் கொடுத்துவிட்டார் பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் வில்லியம் ப்ரீஸ். அதன்படி 0.2 மில்லிமீட்டர் செம்பு இழை ஒன்று உருக 7 ஆம்பியர் வேண்டும். ஐந்து இழையை முறுக்கினால் ஏறக்குறைய 35. பத்து ஆம்பியர் ஃபியூஸ் நிற்க வேண்டிய இடத்தில் இது இருந்தால், அடுத்த தடவை உருகப்போவது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர்தான்.

சரி, இரும்பைத் தொடும் இடம் எங்கே? 2005-இல் வந்த டாடா ஏஸை, நம்மூர் குட்டி யானையை, எடுத்துக்கொள்வோம். அதன் முதல் மாடலில் 702 சிசி டீசல் எஞ்சின், இரண்டே சிலிண்டர். ஐடிலிங்கில் வண்டியே உதறுவது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்த உதறலில் பின்பக்க விளக்குகளுக்குப் போகும் ஒயர்க் கட்டு சேஸிஸை உரசிக்கொண்டே இருக்கும். உரசாமல் பிடித்து வைப்பது கிளிப். ஒயர் நுழையும் துளையின் கூரிய விளிம்பை மறைப்பது ரப்பர் வளையம். உப்பு தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். கிளிப்பைத் துருவாக்கி உதிர்க்கும், துளை விளிம்பை ரம்பப் பல்லாக்கும். ரப்பரையும் ஒயரின் உறையையும் வெயிலும் வயதும் விறைக்க வைத்துவிடும். மிச்சத்தை எஞ்சின் முடிக்கும். ஊர் சொல்வதில் பாதி சரி. உப்பு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

தேட ஆரம்பிக்குமுன் செத்த ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. உள்ளே கறுத்து, உலோகம் தெறித்து, இடைவெளி பெரிதாக இருந்தால் நேரடி ஷார்ட். கறுக்காமல், நடுவில் மட்டும் மெல்ல உருகி அறுந்திருந்தால் ஓவர்லோடு: வைப்பர் மோட்டாரின் புஷ் இறுகி அதிக ஆம்பியர் இழுத்திருக்கலாம். அடுத்த கேள்வி, எப்போது போகிறது? பிரேக்கை மிதித்தவுடன் என்றால் கோளாறு பிரேக் ஸ்விட்சுக்குப் பின்னால். பள்ளத்தில் விழுந்தால் மட்டும் என்றால் ஆடுகிற ஒயரில். வைப்பர் பத்து நிமிடம் ஓடிய பிறகென்றால் மோட்டாரில். இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி வண்டியைத் தேடல் வளையத்துக்கு வெளியே தள்ளிவிடலாம்.

மல்டிமீட்டரைப் புதிதாக வாங்கியவர்கள் இடறுகிற இடம் ஒன்று உண்டு. 55 வாட் ஹெட்லைட் பல்பு எரியும்போது அதன் தடை 2.6 ஓம். அணைந்து குளிர்ந்த இழையில் அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. பல்பைக் கழற்றாமல் ஓம் அளந்தால் நல்ல சுற்றும் ஷார்ட் போலத்தான் தெரியும், மீட்டரும் 'பீப்' என்று கத்தும். மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம்தான் தப்பான கேள்வி கேட்டோம். இந்த வேலைக்கு எனக்குப் பிடித்தது பழைய டெஸ்ட் லேம்ப். பின்பக்கத்து பிரேக் பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு 21 வாட் பல்பை இணைத்து, பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்; ஆனால் 2 ஆம்பியருக்கு மேல் எதையும் விடாது. ஒயர் பத்திரம், ஃபியூஸ் செலவும் இல்லை. ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அதற்கு அப்பால்தான் கோளாறு.

அந்த அப்பால் பகுதி இரண்டு மீட்டர் ஒயராக, டேப் சுற்றி சேஸிஸோடு ஓடுவதாக இருந்தால்? முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை. 1820-இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட் கண்டது உதவிக்கு வரும்: மின்னோட்டம் போகும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்பும். இண்டிகேட்டரின் பழைய இரண்டு முனை ஃபிளாஷரையும், ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டிய இரண்டு 21 வாட் பல்புகளையும் ஃபியூஸ் இடத்தில் தொடராக மாட்டினால் 3.5 ஆம்பியர் விட்டுவிட்டு ஓடும். ஒயர்க் கட்டின் மேல் ஒரு சின்ன திசைகாட்டியை நகர்த்திக்கொண்டே போனால், மின்னும் ஒவ்வொரு தடவையும் ஊசி துள்ளும். இரும்பு பக்கத்தில் இருப்பதால் அது எந்தத் திசை காட்டினாலும் கவலையில்லை; விளக்கோடு சேர்ந்து ஆடுகிறதா என்பதுதான் விஷயம். எந்த இடத்தைத் தாண்டியதும் ஆட்டம் நிற்கிறதோ, அங்கேயே கரண்ட் இரும்புக்குள் இறங்கிவிடுகிறது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே போவதால் இங்கே காந்தப் புலம் ஏறக்குறையக் கிடைமட்டம். ஊசியை வடக்கு நோக்கி இழுத்துப் பிடிக்கும் கிடைமட்ட வலிமை சுமார் 40 மைக்ரோடெஸ்லா. லண்டனில் அது 20 அளவுதான். 3.5 ஆம்பியர் ஒயர் 2 சென்டிமீட்டர் தள்ளி உண்டாக்கும் புலம் 35 மைக்ரோடெஸ்லா. சுற்றிலும் இரும்பு இல்லையென்றால் ஊசி லண்டனில் 60 டிகிரி திரும்பும், இங்கே 40 சொச்சம்தான். ஆக, திசைகாட்டியை ஒயருக்கு இன்னும் நெருக்கமாகப் பிடிக்க வேண்டும். ஒயர் கிழக்கு மேற்காக ஓடினால் அதன் மேல் வைத்த ஊசி பக்கவாட்டில் திரும்பவே திரும்பாது. மணப்பட்டில் கடல் கிழக்கே இருக்கிறது; வண்டிக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ கடல் வருகிற மாதிரி நிறுத்தினால் சேஸிஸ் வடக்கு தெற்காக அமைந்துவிடும்.

ஊசி நின்ற இடத்தில் டேப்பைப் பிரித்தால் பெரும்பாலும் நகக்கண் அளவுக்கு ஒரு செம்புப் பளபளப்பு, எதிரே சேஸிஸில் சின்னக் கரும்புள்ளி. வெட்டி இணைத்து, ஸ்லீவ் போட்டு, துளைக்கு ரப்பர் மாட்டி, புதுக் கிளிப்பில் நிறுத்தி, ஃபியூஸ் பெட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் அதே ஆம்பியர் ஃபியூஸைச் செருக வேண்டும். சாமான் கணக்கு எழுதினால் நூறு ரூபாய்கூட வராது. மெக்கானிக் கேட்கும் மீதிப் பணம் தேடியதற்கு.