ரிக் வெல்டிங்: எந்த இயந்திரத்தை வாங்குவது?

வெள்ளவத்தையில் எழுந்துள்ள மாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டுகளில் துருப்பிடிக்காத உருக்குக் கைப்பிடிகளைக் காண்கிறோம். மெல்லிய அக்குழாய்களை ஓட்டை விழாமல் ஒட்டுவதற்கு ஏற்றது ரிக் வெல்டிங். காணியை விட்டு வந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் இத்தொழிலில் ஆர்வம் காட்டுகிறார்கள். நல்லது. ஆனால் கையிலுள்ள சிறு பணம் தவறான இயந்திரத்தில் முடங்கிவிடக் கூடாது.

சாதாரண வெல்டிங்கில் குச்சியே உருகி இணைப்பாகிறது. ரிக் முறையில் டங்ஸ்டன் ஊசி உருகுவதில்லை; அதன் நுனியில் எழும் மின்வில்லே உலோகத்தை உருக்குகிறது. சுற்றிப் பாயும் ஆர்கன் வாயு காற்றை அண்டவிடாது. 1941இல் அமெரிக்காவின் நோர்த்ரொப் விமான நிறுவனத்தில் ரசல் மெரடித் என்பவர் இதை உருவாக்கியபோது பயன்படுத்தியது ஈலியம்.

எதை ஒட்டப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். உருக்குக்கு நேரோட்ட இயந்திரம் போதும். அலுமினியத்துக்கு ஆடலோட்டமும் தரும் இயந்திரம் வேண்டும். அதன் விலை அதிகம். கைப்பிடி வேலைக்கு அது வீண்செலவு. ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குச் சுமார் 40 அம்பியர் என்பது பொதுக்கணக்கு. ஆகவே 160 அம்பியர் இயந்திரம் தாராளம். குச்சி வெல்டிங்கும் செய்யக்கூடியதா எனக் கேளுங்கள். வாயு தீர்ந்த நாளில் ஒரு கேற்றையாவது ஒட்டிப் பிழைக்கலாம்.

பழைய சோனகத் தெருவில் விலை விசாரிக்கும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சேர்த்தே கேளுங்கள். இயந்திரம் ஒருமுறைச் செலவு. ஆர்கன் மாதாமாதச் செலவு. காபனீரொட்சைட்டு கலந்த வாயு மலிவென்று வாங்கினால் ஊசி கருகிவிடும். சிவப்பு வளையமிட்ட ஊசியில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால், அதைத் தீட்டும்போது எழும் தூசு கெடுதியானது. சாம்பல் நிற ஊசி உருக்குக்கு நன்றாகவே போதும்.

ஊசியை நீளவாட்டில் கூராகத் தீட்டுங்கள். கைப்பிடியை இயந்திரத்தின் எதிர்முனையில் இணைத்து, வாயுவை நிமிடத்துக்கு 7 முதல் 10 லீற்றர் வரை திறவுங்கள். உலோகத்தைத் துடைத்துச் சுத்தமாக்கிய பின், நுனியை அதிலிருந்து 2, 3 மில்லிமீற்றர் உயரத்தில், சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். உருகிய குழம்பு குளம்போலத் தெரிந்த பின்பே மற்றக் கையால் கம்பியைத் தொட்டு எடுக்க வேண்டும். நாற்று நட்ட கைகளுக்கு இத்தாளம் பிடிபடக் கடினமில்லை. ஊசி குழம்பில் பட்டால் நிறுத்தி மீண்டும் தீட்டுங்கள். வில் அணைந்ததும் கையை உடனே எடுக்காதீர்கள். வாயு சில விநாடிகள் பாயட்டும்.

மின்விசிறிக் காற்று வாயுவைக் கலைக்கும். ஆனால் பூட்டிய சிறு அறையில் ஆர்கன் நிறைந்தால் மூச்சுத் திணறும். விசிறியை நிறுத்தி, கதவைத் திறந்து வையுங்கள். கறுப்புக் கண்ணாடி முகமூடியும் நீளக்கைச் சட்டையும் கட்டாயம்.

ஆறு மாதமேனும் பிறர் பட்டறையில் வேலை செய்த பின்பே சொந்த இயந்திரம் வாங்குவது நல்லது என்பது நமது அபிப்பிராயம். பட்டறையில் கைப்பழக்கமாகக் கற்றவர்களும் தமது திறனைச் செய்து காட்டி, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.