உமிச் சாம்பலை வீணாக்காதீர்!

சிங்கம்புணரி வட்டாரம் தென்னை நார்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஒரு காலத்தில் குவிந்து கிடந்த நார்க்கழிவு இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு ஏற்றுமதியாகிறது. அதேபோல் மதிப்புப் பெறக்கூடிய மற்றொரு கழிவு, அரிசி ஆலைகளில் சேரும் உமிச் சாம்பல் ஆகும்.

புழுங்கல் அரிசி ஆலைகளில் கொதிகலனுக்கு உமியே எரிபொருள். 1,000 கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். பல ஊர்களில் இது சாலையோரத்தில் கொட்டப்பட்டு, காற்றில் பறந்து மக்களுக்குத் தொல்லை தருகிறது.

சாம்பலில் உள்ளது என்ன?

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்கா என்னும் மணற்சத்தை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. நன்கு எரிந்த வெண்சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்காவே. கறுஞ்சாம்பலில் எரியாத கரியும் கலந்திருக்கும்.

பேட்டரிக்கு உதவுவது எப்படி?

கைப்பேசி, மின்சார ஸ்கூட்டர் முதலியவற்றில் உள்ள லித்தியம் பேட்டரியில் கிராஃபைட் என்னும் கரி வகை பயன்படுகிறது. மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அதில் போய்த் தங்குகிறது. அதே எடையுள்ள சிலிக்கன், கிராஃபைட்டைவிடச் சுமார் பத்து மடங்கு லித்தியத்தை ஏற்கும். உமிச் சாம்பலின் சிலிக்காவை மக்னீசியத்துடன் சேர்த்துச் சூடாக்கிச் சிலிக்கனைப் பிரிக்கலாம். ஆனால் லித்தியம் ஏறும்போது சிலிக்கன் மிகவும் உப்பி, பின் சுருங்கி, நொறுங்கி விடுகிறது. ஆகவே அதை நுண்துகளாக்கிக் கரியுடன் கலக்கின்றனர்.

கறுஞ்சாம்பலும் வீண் அல்ல. அதிலுள்ள கரி, 1 கிராமுக்கு 700 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் மின்சாரம் தாங்கும் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் அறிவித்தனர். கிராஃபைட் தாங்குவது சுமார் 370 தான்.

இத்துறைக்கான ஆராய்ச்சி நிலையம் நமக்குத் தொலைவில் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் வழங்கி, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் லித்தியம் பேட்டரி ஆய்வுகள் நடைபெறுகின்றன.

ஆலையில் கவனிக்க வேண்டியவை

* உமியைச் சுமார் 700 டிகிரி சென்டிகிரேடுக்குள் எரிப்பது நல்லது. வெப்பம் அதற்கு மிகவும் மேலே போனால் சிலிக்கா படிகமாகி விடும். அதைப் பயன்படுத்துவது கடினம். அதன் தூசு நுரையீரலுக்கும் கேடு.

* வெண்சாம்பலையும் கறுஞ்சாம்பலையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். மண், விறகுச் சாம்பல், நிலக்கரிச் சாம்பல் கலக்கக்கூடாது.

* கூரையின் கீழ், நனையாமல் வைக்க வேண்டும். அள்ளுவோர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

இப்போதைய பயன்

பேட்டரிப் பயன் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. அதைச் சொல்லி முன்பணம் கேட்போரிடம் ஏமாற வேண்டாம். சிமெண்ட் கலவைக்கு உமிச் சாம்பல் இப்போதே உதவுகிறது. நெல் நாற்றங்காலில் இட்டால் மண் பொலபொலப்பாகி, நாற்று வேர் அறாமல் எளிதில் வரும். இதிலுள்ள மணற்சத்து பயிரின் தண்டை உறுதியாக்கி, குலைநோயையும் தண்டுத்துளைப்பானையும் தாங்கும் திறனைக் கூட்டும். ஆனால் சாம்பல் காரத்தன்மை உடையது. களர் நிலத்தில் மண் பரிசோதனை செய்த பிறகே இட வேண்டும்.

சாம்பலின் விலையை அதன் தூய்மையே முடிவு செய்யும். எனவே ஆலை உரிமையாளர்கள் இன்றே அதைத் தரம் பிரித்துச் சேர்க்கத் தொடங்கலாம்.