ரூம்மேட் மீது நம்பிக்கை இல்லையா? உங்கள் அறையைப் பாதுகாப்பது எப்படி?

சோழிங்கநல்லூரில் ஒரு மூன்று படுக்கையறை ஃபிளாட். மூன்று பேர், ஆளுக்கு ஓர் அறை, வாடகை சமபங்கு. முதலில் சார்ஜர் காணாமல் போகிறது. அடுத்த மாதம் பர்ஸிலிருந்து 500 ரூபாய். பிறகு ஹெட்ஃபோன். கேட்டால், "நான் பார்க்கவே இல்லையே மச்சி" என்று பதில் வருகிறது. யார் மீதும் ஆதாரம் இல்லை. ஆனால் லேப்டாப்பை அறையில் வைத்துவிட்டு ஊருக்குப் போக மனம் வரவில்லை.

வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்து, முன்பின் தெரியாதவர்களுடன் வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் பலருக்கும் இது பழகிய சிக்கல். வாசல் கதவுக்கு நல்ல பூட்டு இருக்கும். பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது என்ன செய்வது?

முதலில் கதவைப் பாருங்கள்

படுக்கையறைக் கதவில் ஏற்கெனவே சாவிப் பூட்டு இருந்தாலும், அதன் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது தெரியாது. முன்பு குடியிருந்தவர் டூப்ளிகேட் போட்டு வைத்திருக்கலாம். இதற்காகப் பூட்டு முழுவதையும் மாற்றத் தேவையில்லை. பெரும்பாலான நவீன மார்டைஸ் பூட்டுகளில் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் கழற்றி மாற்றலாம். ஒரே ஒரு ஸ்க்ரூதான் அதைப் பிடித்திருக்கும். பழைய சிலிண்டரின் நீளத்தை அளந்துகொண்டு, அல்லது அதையே கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போவது நல்லது.

வெளிப்பக்கம் சாவியும் உள்பக்கம் திருகும் குமிழும் உள்ள சிலிண்டராகக் கேட்டு வாங்குங்கள். உள்ளேயும் சாவி போட்டுத் திறக்கும் வகை வேண்டாம். நள்ளிரவில் தீப்பிடித்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கதவில் பூட்டே இல்லையென்றால் பலரும் கொண்டி அடித்து ஒரு பூட்டைத் தொங்கவிடுகிறார்கள். இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஸ்க்ரூ வெளியே தெரிந்தால், பூட்டைத் தொடாமலே ஸ்க்ரூடிரைவரால் கொண்டியைக் கழற்றிவிடலாம். மூடியபின் ஸ்க்ரூ மறைந்துவிடும் வகைதான் சரி. இரண்டாவது, நீங்கள் உள்ளே இருக்கும்போது யாராவது வெளியே பூட்டிவிட முடியும். எனவே அறைக்குள் நுழைந்ததும் பூட்டைக் கையோடு எடுத்துக்கொள்வதைவிட, கொண்டி மாட்டும் வளையத்திலேயே அதைப் பூட்டி வைப்பது பாதுகாப்பு. வளையத்தில் பூட்டு தொங்கும்போது கொண்டியை அதன்மேல் மாட்ட முடியாது.

எதுவானாலும், கதவில் துளை போடும் முன் வீட்டு உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

பூட்டு எதற்கு?

அறைக் கதவுப் பூட்டு, முடிவெடுத்துவிட்ட திருடனை நிறுத்தாது. கைக்கு எட்டியதை எடுக்கும் ஆளை நிறுத்தும். மீறி உடைத்தால் தடயம் இருக்கும். "நீயே எங்கேயோ வெச்சிட்டு மறந்திருப்பே" என்ற பதில் அதன்பிறகு எடுபடாது.

நகை, பாஸ்போர்ட், அசல் சான்றிதழ்கள் ஆகியவை வாடகை அறையில் இருக்கவே வேண்டாம். ஊரில் பெற்றோரிடமோ வங்கி லாக்கரிலோ வைக்கலாம். சின்ன இரும்பு லாக்கர் வாங்கினால் அலமாரியோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். இல்லையேல் பெட்டியோடு போய்விடும்.

போனையும் பூட்டுங்கள்

போனுக்கு பாஸ்வேர்டு இருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அங்கே வந்துவிடும். செட்டிங்ஸில் சிம் பின்னை ஆன் செய்தால் இது நடக்காது. மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் முடங்கிவிடும் என்பதால், எண்ணை மறக்காதீர்கள். லாக் ஸ்கிரீனில் மெசேஜ் தெரிவதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கணினி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேமரா வைக்கலாமா?

உங்களுக்கு மட்டுமான அறைக்குள், உங்கள் கதவை நோக்கி வைக்கலாம். அறையையே பகிர்ந்துகொள்பவர்கள் மற்றவரின் சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். திருடனைப் பிடிக்கப் போய் நீங்கள் குற்றவாளியாகிவிடக் கூடாது.

திருடு போய்விட்டால்?

வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் சொல்லிக் குற்றம்சாட்ட வேண்டாம். உடைந்த பூட்டைத் தொடாமல் படம் எடுங்கள். பில், ஐ.எம்.இ.ஐ. எண், சீரியல் எண்ணுடன் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். பதியாவிட்டால் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். குடியிருக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. கூடவே தங்கியிருப்பவர் எடுத்தாலும் அது திருட்டுதான்.

போனை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் முடக்கலாம். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இத்தனையும் செய்தபிறகும் குளிக்கப் போகும்போதுகூட அறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தால், வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, எத்தனை நாள் நோட்டீஸ், அட்வான்ஸை யார் திருப்பித் தர வேண்டும் என்று தெரிந்துகொண்டு வேறு வீடு தேடத் தொடங்கலாம்.