நிற்கத் தெரிந்த கதிர்

எக்ஸ் கதிருக்கு நிற்கத் தெரியாது. கன்னத்தின் ஒரு பக்கம் நுழைந்தால், உள்ளே இருக்கும் கட்டியைத் தாக்கிவிட்டு மறுபக்கம் வெளியேறும். வழியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் விழுங்கும் தசைக்கும் அதில் பங்கு உண்டு. புரோட்டான் வேறு சாதி. வேகம் குறையக் குறையத்தான் அது ஆற்றலை அதிகமாகக் கொட்டும். பயணத்தின் கடைசி மில்லிமீட்டர்களில் உச்சமாகக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். இதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று 1946-இல் எழுதியவர் ராபர்ட் வில்சன், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர்.

ஆனால் கருவி பெரிது, செலவும் பெரிது. எல்லோருக்கும் அதனால் கூடுதல் நன்மை கிடைப்பதுமில்லை. யாருக்குக் கொடுப்பது?

நெதர்லாந்து இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே தலை, கழுத்துப் புற்று வந்தவருக்கு இரண்டு சிகிச்சைத் திட்டங்களையும் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள்: எக்ஸ் கதிரில் ஒன்று, புரோட்டானில் ஒன்று. ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு கதிர் வாங்கும், அதனால் வாய் வறளவோ விழுங்க முடியாமல் போகவோ எத்தனை சதவீத வாய்ப்பு என்று முந்தைய நோயாளிகளின் பதிவுகளை வைத்துக் கணிக்கிறார்கள். புரோட்டானால் அந்த வாய்ப்பு, மிதமான பக்கவிளைவு என்றால் 10 சதவீதப் புள்ளியாவது குறைய வேண்டும்; கடுமையானது என்றால் 5; உயிருக்கே ஆபத்தானது என்றால் 2. குறைந்தால் அடிப்படைக் காப்பீடு புரோட்டானுக்குப் பணம் தரும். ஒரே நோய் கொண்ட இருவரில் ஒருவருக்குக் கிடைக்கலாம், மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் இதைத் தீர்மானிக்கிறது. வளரும் உடல் என்பதால் குழந்தைகளுக்கு இந்த ஒப்பீடு தேவையில்லை.

சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்துச் சோதித்துப் பார்க்காமல் இப்படிக் கணக்கை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கதிரின் பக்கவிளைவுகள் சில, வருடங்கள் கழித்தே தலைகாட்டும். சோதனை முடிவதற்குள் கருவியே மாறிவிடும். அதேசமயம், 10 என்ற எண் இயற்பியல் விதியிலிருந்து வரவில்லை. மருத்துவர்கள் கூடிப் பேசி வகுத்த எல்லை அது. 9 புள்ளி மட்டுமே குறையும் என்று கணிக்கப்பட்டவருக்கு எக்ஸ் கதிர்தான். சிகிச்சைக்குப் பிறகு இரு தரப்பினரின் நிலையையும் பதிவு செய்து கணக்கைத் திருத்துகிறார்கள். அந்த 9 புள்ளிக்காரரின் வாய் எவ்வளவு வறண்டது என்பதும் அதில் சேரும்.