ஒரு ரூபாய்ப் பிரயாணம்

மணியாச்சி ஜங்ஷனில் வண்டிக்காகக் காத்திருக்கும் பிரயாணிக்குச் சுற்றிலும் தெரிவது கரிசல் காடுதான். 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் உயிர் துறந்த இடம் இது. தூத்துக்குடிக்குப் பாதை பிரிவதும் இங்கேதான்.

அத்தூத்துக்குடியில் 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். உடனே வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. பிறகு இனாமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. ஜனங்களுக்குக் கொண்டாட்டந்தான். ஆனால் 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-ல் சுதேசிக் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் ஆகாயத்தில் இந்தக் கதையைப் புதிதாகத் தொடங்கிற்று. இனாம் சாப்பாடு கிடையாது. உயர்ந்த வகுப்பு கிடையாது. விமானம் தரையில் சும்மா நிற்பதும் கிடையாது. இந்தச் சிக்கனத்தால் கட்டணம் குறைந்தது. சில ஆசனங்கள் ஒரு ரூபாய்க்கே விலை போயின! 2005-ல் ஸ்பைஸ்ஜெட்டும் 2006-ல் இண்டிகோவும் போட்டிக்கு வந்தன. ரயிலையே நம்பியிருந்த குடும்பங்களும் விமானம் ஏறின.

போட்டியில் எல்லாரும் பிழைக்கவில்லை. ஏர் டெக்கானை வாங்கிய கிங்பிஷர் 2012-லும், கோ பர்ஸ்ட் 2023-லும் பறப்பதை நிறுத்தின. இன்று உள்நாட்டுப் பிரயாணிகளில் பாதிக்கு மேற்பட்டோரை இண்டிகோ ஒன்றே ஏற்றிச் செல்கிறது.

தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. 2025 ஜூலை 26-ல் புதிய முனையமும் திறக்கப்பட்டது. இனிப் பெரிய விமானங்களும் இறங்கலாம். கரிசல் சீமைக்கு இது நல்ல காலம். ஆனால் ஓடுபாதை நீண்டால் மட்டும் போதாது. அதில் இறங்கப் பல கம்பெனிகள் வேண்டும். போட்டி ஒழிந்த இடத்தில் மலிவு நிலைப்பதில்லை என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.