இரும்புக் குழாயும் டைட்டானியக் கோளமும்

தாது மணல் நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. அதை உலோகமாக்கும் வித்தை கைவரத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

மைசூருவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தானின் கோட்டையைப் பார்க்க வருபவர்களிடம் வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை ராக்கெட் கதை. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படையை நிலைகுலைய வைத்ததில் அந்த ராக்கெட்டுகளுக்கும் பங்கு உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றப்பட்ட ராக்கெட்டுகள் கப்பலேறின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் இங்கிலாந்தில் தன் ராக்கெட்டுகளை உருவாக்கினார்.

ரகசியம் மருந்தில் இல்லை, குழாயில் இருந்தது. ஐரோப்பியர்கள் அட்டைக் குழாயில் வெடிமருந்தை அடைத்துக் கொண்டிருந்த காலத்தில் மைசூர் ராஜ்யத்தின் கொல்லர்கள் இரும்புக் குழாயைப் பயன்படுத்தினார்கள். குழாய் அதிக அழுத்தத்தைத் தாங்கியதால் ராக்கெட் அதிக தூரம் பாய்ந்தது. எந்த இயந்திரமானாலும் அதன் எல்லையைத் தீர்மானிப்பது அதன் உலோகம்தான் என்ற பாடம் இன்றும் மாறவில்லை. இரும்பு இருந்த இடத்துக்கு டைட்டானியம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதே பாடம் மைசூருவிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள பெங்களூருவில் 2025இல் மறுபடியும் சோதிக்கப்பட்டது. இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையத்தில் 80 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு டைட்டானிய அரைக்கோளங்களை எலக்ட்ரான் கற்றையால் பற்றவைத்து ஒரே கோளமாக்கினார்கள். 2.26 மீட்டர் விட்டமுள்ள இந்தக் கோளம் விண்வெளிக்குப் போகப் போவதில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கி வாகனத்துக்காகச் செய்யப்பட்டது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்வதே திட்டம். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 600 கிலோ எடை அழுத்தும். பற்றவைப்பில் மயிரிழை பிசகினாலும் உள்ளே இருப்பவர்கள் தப்ப முடியாது. 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க அட்லாண்டிக்கில் இறங்கிய ‘டைட்டன்’ வாகனம் நொறுங்கி ஐந்து பேர் மாண்டார்கள். அதன் உடற்பகுதி கார்பன் இழையால் ஆனது.

பதம்தான் பலம்

டைட்டானியத்தின் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். உப்பு நீர் அதை அரிப்பதில்லை. 1,668 டிகிரி செல்சியஸில்தான் உருகும். சுத்த டைட்டானியம் அப்படியொன்றும் அசகாய சூரன் அல்ல. 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்தால்தான் அதன் குணமே மாறுகிறது. உலோகத்துக்குள் இரண்டு வகைப் படிக அமைப்புகள் கலந்து நிற்கின்றன. அந்தக் கலப்பே வலிமை. எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்து எவ்வளவு வேகத்தில் குளிர வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வலிமை கூடும், குறையும். மைசூர்பாகு மாதிரிதான். சாமான் அதே கடலைமாவு, நெய், சர்க்கரை. பதம் தவறினால் கல்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காவது கட்டத்தில் எரிபொருள் தொட்டி இந்த உலோகம்தான். செயற்கைக்கோள் தொட்டிகள், ஜெட் எஞ்சின் விசிறித் தகடுகள், எலும்பு முறிவுக்கு உடலுக்குள் வைக்கும் தகடுகள், ரசாயன ஆலைக் குழாய்கள் என்று பட்டியல் நீளும். வனேடியத்தைக் கூட்டி, இரும்பும் சேர்த்துச் செய்யும் இன்னும் வலிமையான ரகம் போயிங் 777 விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பைத் தாங்குகிறது.

இவ்வளவு நல்ல உலோகம் ஏன் எங்கும் பயன்படவில்லை? விலைதான் காரணம். சூடேறினால் ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். ஆகவே உருக்குவது, பற்றவைப்பது எல்லாம் வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோ நடக்க வேண்டும். கடைசலிலும் தொல்லை. வெப்பம் உலோகத்துக்குள் பரவாமல் கருவியின் முனையிலேயே தங்கி அதைத் தின்றுவிடும்.

மணல் நம்முடையது

மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில் டைட்டானியத் தாதுவான இல்மனைட் கலந்திருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் ஐரோப்பாவுக்குப் போன கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்ததிலிருந்து இந்தக் கரைமீது உலகத்தின் கண். இல்மனைட்டும் கப்பலேறத் தொடங்கியது. உலகில் வெட்டியெடுக்கும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி உலோகமாவதே இல்லை. பெயிண்டுக்கு வெண்மை தரும் பொடியாகிவிடுகிறது. மணல் அள்ளுவதற்கு எதிராகக் கடற்கரை மக்கள் எழுப்பிய குரலும் சின்னதல்ல. 2013இல் தமிழக அரசு தனியார் தாது மணல் எடுப்பதற்குத் தடை விதித்தது.

மணலை உலோகமாக்குவது தனிக் கலை. லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் வகுத்த முறைப்படி தாதுவைக் குளோரினுடன் சேர்த்துத் திரவமாக்கி, மெக்னீசியத்தோடு நாள்கணக்கில் வினைபுரிய வைத்தால் கடற்பஞ்சு போன்ற உலோகம் கிடைக்கும். ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் இதற்கான உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அதைக் கொண்டு, விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் நிதியில், கேரளத்தின் சவராவில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஆலை 2011இல் தொடங்கப்பட்டது. ஷோம்பர்க்குக்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

அந்தப் பஞ்சு ஹைதராபாத் மிதானி ஆலை போன்ற இடங்களில் வெற்றிட உலையில் உருகிக் கலப்பு உலோகமாகிறது. அன்று மைசூர் கொல்லர்களின் வித்தை இங்கிருந்து கப்பலேறியது. பின்னர் மணல் மட்டும் கப்பலேறியது. பெங்களூருவில் பற்றவைத்த அந்தக் கோளம் ஆழ்கடலுக்குள் இறங்கி, மூன்று பேரோடு பத்திரமாக மேலே வரும் நாளில், வித்தையும் வீடு திரும்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.