கடலில் ஓர் அறை

2022ஆம் ஆண்டு வைகாசி மாதம். மூன்றாம் ஓலை வாசித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், வடக்குப்பட்டைச் சேர்ந்த இளைஞன் ஒருவனும் அவன் மணக்கவிருந்த பெண்ணும் பங்கு இல்லத்துத் திண்ணையில் நமக்காகக் காத்திருந்தனர். பூசை நேரம் பற்றியோ பாடற்குழுவைப் பற்றியோ கேட்க வந்திருப்பர் என்று எண்ணினோம். அவனோ சட்டைப் பையிலிருந்து மடித்த வண்ணத்தாள் ஒன்றை எடுத்து விரித்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படவிருந்த உல்லாசக் கப்பலின் வரைபடம் அது. அடுக்கடுக்காய்த் தளங்கள், ஒவ்வொரு தளத்திலும் தேனடையின் கண்களைப் போல வரிசையாய் அறைகள்.

"ஃபாதர், தேனிலவுக்கு இதில் எந்த அறையை எடுப்பது?"

நாம் சிரித்துவிட்டோம். "வேளாங்கண்ணியிலும் கடல் இருக்கிறதே! மாதாவையும் கும்பிட்டாற்போல் ஆகும், செலவும் குறையும்" என்றோம்.

அவன் தலை குனிந்தான். அவள்தான் பேசினாள். அவன் ஒரகடத்தில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பகல் முறை. அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் பெரும்பாலும் இரவு முறை. மணமானபின் வாழப்போவது இரண்டே அறை கொண்ட வீடு. மாமனார், மாமியார், மைத்துனர் இருவர் எல்லாரும் அதற்குள்தான். "கடல் எங்களுக்குப் பெரிதில்லை ஃபாதர். மூன்று நாளைக்கு உள்ளே தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும்."

நம் சிரிப்பு அடங்கிற்று. திருமணத் தயாரிப்பு வகுப்பில் இல்லறத்தின் மாண்பை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அந்தக் கதவைப் பற்றி ஒருமுறையேனும் நாம் நினைத்ததில்லை.

அவ்வாண்டு முதல் வேறு சிலரும் இதே கேள்வியோடு வந்துவிட்டனர். எனவே நாம் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகின்றோம். அறிந்தது என்று சொல்வதைவிட, கப்பலில் பணியாளராயிருந்து ஓய்வுபெற்ற நம் பங்கு அன்பர் ஒருவர் பென்சிலும் கையுமாய் அமர்ந்து கற்பித்தது என்பதே உண்மை.

கப்பல் நம் மக்களுக்குப் புதிதன்று. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' பல்லாண்டுகள் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரமாயிரம் தமிழரை ஏற்றிச் சென்றது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீக்கிரையாகும்வரை அவ்வழியே ஓடிற்று. ஆனால் அவற்றில் சென்றவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புக்காகப் போனவர்கள். பலர் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அறையைத் தேர்ந்தெடுக்கும் கவலை அவர்களுக்கு ஏது? வடக்குப்பட்டின் மண்ணுக்கோ இன்னும் பழைய கடல் நினைவு உண்டு. அதே 2022இல் மத்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, கற்காலக் கருவிகளோடு ரோமானியச் சாடிகளின் சில்லுகளும் கிடைத்தன!

அந்தப் பிள்ளைகள் கொணர்ந்த தாளில் இருந்தது 'எம்ப்ரஸ்' என்னும் கப்பல். 1990இல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டது. 11 தளங்களும் ஏறத்தாழ 800 அறைகளும் கொண்டது. 2022 ஜூன் 4 அன்று தமிழக முதலமைச்சர் சென்னையில் இதன் பயணத்தைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். இரண்டு இரவில் ஆழ்கடல் சென்று திரும்புவது ஒரு வகை. விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியாக ஐந்து நாள் செல்வது மற்றொன்று. கப்பலில் சூதாட்ட அரங்கு உண்டு என்று எதிர்ப்பு எழுந்து, புதுச்சேரி அரசு அப்போது அனுமதி தரவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் துறைகளுக்கும் இதே கப்பல் சென்னையிலிருந்து சென்றது. (சூதாட்ட அரங்கைப் பற்றி நம் கருத்தைச் சொல்லத் தேவையில்லை, அதன் வாசலைக் கடந்து செல்ல எவரும் கட்டணம் கேட்பதில்லை.)

இனி அறைகள். சன்னலே இல்லாத உள்ளறை, கண்ணாடிச் சன்னலுள்ள அறை, தனிப் பால்கனியுள்ள அறை, அதற்கும் மேலே விசாலமான 'சூட்' என நான்கு வகையாகப் பிரித்துள்ளனர். மணமகன் பால்கனி அறையையே குறி வைத்திருந்தான். அதற்கு என்ன வழி என்று கேட்டதற்கு, மணமகளுக்குப் போடவிருக்கும் சங்கிலியை மணமானபின் அடகு வைப்பதாகச் சொன்னான். அவளுக்கு அது அதுவரை தெரியாது! திண்ணையில் சற்று நேரம் மௌனம் நிலவியது. நாம் சற்றுக் கடுமையாகவே பேசினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பென்சில்காரர் வேறு கணக்குச் சொன்னார். கப்பல் ஊஞ்சற்பலகை போன்றது. நடுவில் இருப்பவனுக்கு ஆட்டம் குறைவு, நுனியில் இருப்பவனுக்கு அதிகம். உயரே போகப் போகச் சாய்வும் கூடும். ஆகவே கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் உள்ள அறையே வயிற்றுக்கு இதம். விலை மிகுந்த அறைகள் பல மேல்தளங்களில் இருப்பதால், அதிகப் பணம் கொடுத்தவரே அதிகம் ஆடுவதும் உண்டு. முதன்முறை கடலேறுகிறவர் முற்றிலும் இருண்ட உள்ளறையில் அடைந்து கிடந்தால் குமட்டல் வலுக்கும். தொலைவில் கடல் விளிம்பை நோக்கியிருந்தால் தலைசுற்றல் தணியும். அதனால் ஒரு சன்னலாவது நல்லது. ஆனால் அச்சன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தொங்கினால் மூன்று நாளும் படகின் அடிவயிற்றைத்தான் தரிசிக்கலாம்.

ஓசையும் கவனிக்கத்தக்கது. நடன அரங்குக்கோ சமையற்கட்டுக்கோ நேர் மேலும் கீழும் உள்ள அறைகளில் உறக்கம் வராது. முன்முனையில் நங்கூரச் சங்கிலி முழங்கும். பின்முனையில் இயந்திரம் அதிரும். இரண்டு அறைகளை இணைக்கும் உட்கதவு உள்ள அறையையும் புதுமணத் தம்பதியர் தவிர்ப்பது நலம். அடுத்த அறைக்காரரின் இருமல்கூடக் கேட்கும் என்றார். சில அறைகளில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் தனித்தனியே கிடக்கும். அவற்றைச் சேர்த்துப் போடும்படி பதிவு செய்யும்போதே எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டுமாம். இதைச் சொன்னபோது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தமானுக்குச் செல்லும் அரசுக் கப்பல் மலிவாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் போகவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அதில் பங்க் வகுப்பு கூட்டுப் படுக்கை; இரண்டாம் வகுப்பிலும் வேற்றாருடன் அறையைப் பகிர வேண்டும். தனிக்கதவு வேண்டுவோர் டீலக்ஸ் அறைக்குத்தான் போக வேண்டும்.

பணத்தில் ஒரு நுட்பம் உண்டு. தாளில் அச்சிட்ட தொகை பெரும்பாலும் ஓர் ஆளுக்குரியது. இருவருக்கென்று எண்ணி ஏமாறுவோர் பலர். வரி, துறைமுகக் கட்டணம், பணியாளர் சேவைத் தொகை ஆகியவை அதன்மேல் வரும். கரையைவிட்டு விலகியதும் கைபேசியை அடக்கி வைக்காவிட்டால் கப்பலின் தொலைத்தொடர்பு வழியே கட்டணம் ஏறும். இலங்கைப் பயணமெனில் கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அந்நாட்டின் முன்னனுமதியும் தேவை. மணமகளின் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் இருக்க, பயணச்சீட்டைக் கணவன் பெயரோடு பதிவு செய்தால் துறைமுகத்திலேயே நின்றுவிட நேரும். நம் பெண்ணுக்குக் கடவுச்சீட்டே இல்லை. நிரந்தர ஊழியரும் அல்லள். நீண்ட விடுப்பு கேட்டால் வேலையே போய்விடலாம். எனவே இரண்டு இரவுப் பயணமே பொருந்திற்று.

கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில், சன்னலுள்ள அறையைத் தேர்ந்தனர். வரவேற்புக்கென்று எண்ணியிருந்த விளம்பரத் தட்டிகளையும் பறக்கும் படப்பிடிப்பையும் விட்டுவிட்டதில் அதற்குரிய தொகை மீந்தது. சங்கிலி கழுத்திலேயே இருந்தது. ஒரகடத்திலிருந்து துறைமுகம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வண்டலூர் நெரிசலை நம்பக்கூடாதென்று காலையிலேயே புறப்படச் செய்தோம். புறப்படும் நேரத்துக்கு வெகு முன்னரே ஏறும் வாயிலை மூடிவிடுவர்.

திரும்பி வந்து நம்மைச் சந்தித்தபோது பெண் வெட்கத்தோடு சொன்னாள்: அறைக்குள் நுழைந்து, கதவைத் தாழிட்டு, சற்றே சாய்ந்தவள் அப்படியே உறங்கிவிட்டாளாம். பல மாத இரவு முறையின் அசதி. கப்பல் கரையை விட்டதே அவளுக்குத் தெரியாது. அவன் அவளை எழுப்பாமல், சன்னலோரம் அமர்ந்து சென்னையின் விளக்குகள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தானாம்.

உடன் வந்திருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை பணம் கட்டித் தூங்கவா போனீர்கள்?" என்றார். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர்.